சீட்டுக்கு அடியில் தேங்கிய மழைத் தண்ணீர்: ஒரு பழைய பாக்ஸ்டர் காரை மறுபடி ஓட வைத்த அனுபவம்

டாப் திறக்கும் கன்வர்ட்டிபிள் காரில் கரண்ட் பிரச்சினை என்று யாராவது கூப்பிட்டால், போனதும் முதல் வேலையாக சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பேன். மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். அழுத்தினால் விரல் இடுக்கில் தண்ணீர் ஊறி வரும். அப்படி வந்துவிட்டால், எங்கே தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கோயம்புத்தூரில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பட்டறையில் தொழில் கற்றவன் நான். இப்போது இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருக்கிறேன். இங்கே மழையும் உதிர்ந்த இலையும் சேர்ந்து கன்வர்ட்டிபிள் கார்களைப் படுத்தும் பாட்டைப் பார்த்துப் பார்த்து, இதை விவரமாக எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பல கார்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரே காரை எடுத்துக்கொள்கிறேன். தூத்துக்குடிக்காரர் ஒருவர், எனக்கு அண்ணன் மாதிரி. அவருடைய 2001ஆம் வருஷத்து போர்ஷே பாக்ஸ்டர், 2.7 லிட்டர்.

986 என்று சொல்லப்படும் முதல் தலைமுறை பாக்ஸ்டர் அது. 1993இல் டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரி வடிவமாக வைக்கப்பட்டு, 1996இல் உற்பத்தி தொடங்கி, 2004 வரை வந்தது. இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், பேட்டரி முன் டிக்கியில். இரண்டுக்கும் நடுவில் ஆள் உட்காரும் இடம் ஒரு தொட்டி மாதிரி: உள்ளே விழுந்த தண்ணீர் தானாக வெளியே போக வழி இல்லை. அந்தத் தொட்டியின் அடியில், சீட்டுக்குக் கீழே, தரைத் தகட்டோடு ஒட்டி அலாரம், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜின் எடுக்காதபடி தடுப்பது), சென்ட்ரல் லாக், உள் விளக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோல் பெட்டி இருக்கிறது. இவ்வளவு நல்ல காரில் இந்தப் பெட்டிக்கு இதைவிட மோசமான இடத்தைத் தேடிப் பிடித்திருக்க முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கோளாறு ஒரே நாளில் வரவில்லை. இலையுதிர் காலம் முழுக்க கார் வீட்டு வாசலில் ஓக் மரத்தடியில் நின்றிருக்கிறது. முதலில் ரிமோட்டை அழுத்தினால் சில நேரம் பூட்டும், சில நேரம் பூட்டாது. சாவியின் பேட்டரியை மாற்றிப் பார்த்திருக்கிறார். அப்புறம் கதவைச் சாத்திய பிறகும் உள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ராத்திரியில் ஹாரன் தானாக அடித்து அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். பிறகு மூன்று நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்ற நிலை. புது பேட்டரி போட்டார், அதுவும் இறங்கியது. கடைசியில் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு கராஜில் காட்டியதற்கு இன்ஜின் இசியு, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி, போய்விட்டது என்று சொல்லி ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"தம்பி, பேசாம பார்ட்ஸுக்கு வித்துரட்டுமா?" என்றார்.

"அவசரப்படாதீங்கண்ணே. மொதல்ல கார்பெட்டத் தூக்கிப் பாத்துருவோம். இசியு எங்கயும் ஓடிப் போகாது."

கோளாறுகள் வந்த வரிசை பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ரிமோட், உள் விளக்கு, ஹாரன், பேட்டரி இறக்கம் என்று நான்கு விதமான தொல்லை வந்தால் நான்கு பொருள் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அந்த நாலுக்கும் பொதுவாக எது இருக்கிறது என்று பார்த்தால், இந்தக் காரில் அது ஒரே பெட்டிதான். இன்ஜின் இசியு அந்தப் பட்டியலில் வரவே இல்லை. உள் விளக்கை அணைப்பது இன்ஜின் இசியுவின் வேலை கிடையாது.

தண்ணீர் புகுந்த வண்டியில் நான் இரண்டு வழிகளை ஒரு காகிதத்தில் வரைந்துகொள்வேன். ஒன்று தண்ணீர் வந்த வழி: எங்கே நுழைந்தது, எதன் மேல் வழிந்தது, எங்கே தேங்கியது. இன்னொன்று கரண்ட் போகும் வழி: பேட்டரி, ஃபியூஸ், பிளக், பெட்டி, எர்த் (கரண்ட் வண்டியின் உடம்பு வழியாக பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி). இரண்டும் எங்கே குறுக்கிடுகின்றனவோ அங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும். வயரிங் படத்தை மட்டும் வைத்துத் தேடினால் வண்டி முழுக்கச் சந்தேகப்பட வேண்டியிருக்கும். தண்ணீரின் படத்தையும் மேலே வைத்தால் சந்தேகம் நாலைந்து இடத்துக்குச் சுருங்கிவிடும்.

வண்டியை ஒரு மூடிய ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனோம். பூஸ்டர் பேட்டரியைச் சில நிமிஷம் மட்டும் கொடுத்து, டாப்பைப் பாதி திறந்து, பின் மூடி தூக்கி நிற்கும் நிலையில் நிறுத்தினேன். 986இல் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால்தான் டாப் அசையும். அது தெரியாமல் டாப் மோட்டாரும் போச்சு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்த நிலைக்கு வந்ததும் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டேன். உள்ளே எல்லாம் காயும்வரை மறுபடி கரண்ட் கொடுக்கவில்லை.

இது ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் மட்டும் செம்பை அவ்வளவு சீக்கிரம் தின்றுவிடாது. ஈரமும் வோல்டேஜும் சேர்ந்தால்தான் நாசம். பிளக்கின் உள்ளே இருக்கும் உலோக முள்ளைத்தான் பின் என்கிறேன். ஒரு பிளக்கில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும் பின்னும் அதன் பக்கத்தில் எர்த் பின்னும் இருந்து, நடுவில் ஈரம் நின்றால், பாசிட்டிவ் பின்னின் உலோகம் கரைந்து மறுபக்கம் நோக்கிப் போகும். ஈரத்தில் கிடந்த பிளக்கைப் பிரித்தால் எல்லா பின்னிலும் ஒரே அளவு களிம்பு இருக்காது. சாவி எடுத்த பிறகும் கரண்ட் இருக்கும் பின்தான் பச்சை பூத்து மெலிந்து போயிருக்கும். ஈரமான வண்டியை ஓடுமா பார்ப்போம் என்று திரும்பத் திரும்பச் சாவி போட்டுப் பார்ப்பது அந்தக் கரைசலை வேகப்படுத்துகிற காரியம். தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்த நிமிஷமே எர்த் வயரைக் கழற்றுங்கள்.

டாப் பாதி திறந்து நின்றதும் இரண்டு பக்கமும் வடிகால் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தது என்பதைவிட, இருக்க வேண்டிய இடம் தெரிந்தது என்று சொல்லலாம். ஒரு பக்கம் முழுக்கக் கறுத்து மட்கிய இலை, அதன் மேல் பாசி. டாப்பின் துணியில் விழும் மழை வழிந்து இந்த வடிகாலுக்கு வந்து, குழாய் வழியாகப் பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் கொட்ட வேண்டும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிரம்பி, உள்பக்கமாக வழிந்து, சீட்டுக்குப் பின்னால் இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் ஓடிவிடும். டாப்பில் கிழிசல் எதுவும் இல்லை, ரப்பரும் நன்றாக இருந்தது. அதனால்தான் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மேலே இருந்து ஒரு சொட்டும் ஒழுகாமல் கார் நிரம்பிவிடும்.

சுத்தம் செய்வதில் ஒரு எச்சரிக்கை. கம்ப்ரஸர் காற்றை வைத்து ஊதாதீர்கள். உள்ளே குழாய் இணைப்பிலிருந்து கழன்றுகொண்டால் அப்புறம் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும். நான் வாக்குவம் வைத்து மேலே இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு, புல் வெட்டும் மெஷினில் போடுகிற நைலான் கயிற்றை மெதுவாகத் திருகித் திருகி இறக்கினேன். முதலில் கறுப்பாக ஒரு கட்டி வந்தது, பிறகு சேறு. ஒரு ஜக் தண்ணீரை நிதானமாக ஊற்றினேன். அண்ணன் பின் சக்கரத்தருகே குனிந்து, "வருது வருது" என்றார். மறுபக்கமும் அப்படியே. முன் கண்ணாடிக்குக் கீழே, பேட்டரிக்கு இரு பக்கமும் இன்னும் இரண்டு வடிகால் உண்டு. அங்கேயும் இலை சேரும். அதையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை வைத்தோம். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எலெக்ட்ரிக்கல் வேலை செய்வதில் எனக்கு உடன்பாடே இல்லை. செய்த வேலை அடுத்த மழையில் போய்விடும்.

சீட்டைக் கழற்றும்போது, அடியில் சீட் பெல்ட் கொக்கிக்குப் போகும் வயரும் இருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு இக்னிஷனை ஆன் செய்தால் ஏர்பேக் விளக்கு எரிந்து நின்றுவிடும்; வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகளோடு பேசும் ஸ்கேனர் கருவியை வைத்து அழிக்கும்வரை போகாது. பேட்டரி கழன்றே இருந்ததால் எங்களுக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

கார்பெட்டின் அடியில் கனமான ஃபோம் ஒட்டியிருக்கிறது. அதுதான் வில்லன். மாசக்கணக்கில் ஈரத்தை வைத்துக்கொள்ளும். தண்ணீர் உறிஞ்சும் வாக்குவத்தால் முதலில் இழுத்தோம். அப்புறம் கார்பெட்டை மரக்கட்டை வைத்துத் தூக்கி நிறுத்தி, அடியில் காற்றுப் போகும்படி செய்து, காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபயரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம். இங்கிலாந்துக் குளிர்காலத்தில் வெயிலை நம்ப முடியாது. ஹீட்டர் மட்டும் வைத்தால் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மறுபடி கீழே இறங்கும். ஈரத்தை வண்டிக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். அவசரப்படாமல் ஃபோம் உள்வரை காயும்வரை விட்டோம்.

காய்ந்த பிறகுதான் மீட்டரை எடுத்தேன்.

செல்ஃப் எடுக்காத வண்டியில் கேள்வி ஒன்றுதான்: தெம்பு இல்லையா, உத்தரவு இல்லையா? தெம்பு என்றால் பேட்டரி, தடித்த கேபிள், எர்த் பட்டை, ஸ்டார்ட்டர் மோட்டார். உத்தரவு என்றால் சாவி, இக்னிஷன் சுவிட்ச், இம்மொபிலைசர், ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போடும் சுவிட்ச்). இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல ஸ்டார்ட்டரும் நல்ல இசியுவும் குப்பைக்குப் போகின்றன.

பேட்டரியின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போய்விட்டால் ஏறக்குறைய காலி. அவருடைய புது பேட்டரி பலமுறை அடியோடு இறங்கி நாளாகியிருந்தது. அதை நம்பி எந்தச் சோதனையும் செய்ய முடியாது. நல்லது என்று எனக்குத் தெரிந்த வேறு பேட்டரியை மாட்டினேன். இறங்கிப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு இந்தக் கால வண்டிகளைச் சோதித்தால், குறைந்த வோல்டேஜில் ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு பொய்க் கோளாறைச் சொல்லும். ஸ்கேனரில் ஒரு பக்கம் நிறைய கோளாறு வந்தால் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டார்ட்டர் ரிலேயைக் கழற்றி, அது சேர்க்கும் இரண்டு முனைகளையும் ஃபியூஸ் வைத்த தடித்த வயரால் சேர்த்தேன். செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றியது. சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து இன்ஜின் உடம்புக்கு மீட்டரை வைத்துப் பார்த்தால் 0.2 வோல்ட்டுக்கும் குறைவாகவே விழுந்தது. எர்த் பட்டை நன்றாக இருக்கிறது. ஒரே சோதனையில் பேட்டரி, கேபிள், எர்த், ஸ்டார்ட்டர் நாலும் குற்றமற்றவை என்று ஆகிவிட்டது. குறை உத்தரவில்தான்.

இந்தக் காரில் இக்னிஷன் சுவிட்சின் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் பகுதி தேய்ந்து போவது எல்லாருக்கும் தெரிந்த நோய். விலையும் குறைவு. அதனால் பலர் யோசிக்காமல் அதை மாற்றிவிடுவார்கள். ஜெர்மன் வண்டிகளில் முனைகளுக்கு எண் உண்டு: 30 என்றால் எப்போதும் இருக்கும் பாசிட்டிவ், 15 என்றால் சாவி போட்டதும் வருவது, 50 ஸ்டார்ட்டருக்கு, 31 எர்த். எர்த் வயர் பழுப்பு நிறம். இந்த நாலு எண்ணும் தெரிந்தால் எந்த ஜெர்மன் வயரிங் படத்தையும் படித்துவிடலாம். சுவிட்சில் 15ம் 50ம் ஒழுங்காக வந்தன. சாவியை ஆட்டிப் பார்த்தும் குறையவில்லை. சுவிட்சை விட்டுவிட்டேன்.

ஸ்கேனரை மாட்டினேன். இன்ஜின் இசியு உடனே பேசியது. பேசுகிற இசியுவை எப்படிப் போய்விட்டது என்று சொன்னார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இம்மொபிலைசரிடமிருந்து அனுமதி வரவில்லை என்று அதுவே சொன்னது. சீட்டுக்குக் கீழே இருக்கும் அந்த அலாரம் பெட்டியைக் கூப்பிட்டால் பதில் இல்லை.

பதில் இல்லை என்றால் பெட்டி செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. அதற்குச் சோறு போகிறதா என்று பார்க்க வேண்டும். பாசிட்டிவும் எர்த்தும் பிளக்வரை வருகிறதா? பிளக்கைப் பிரித்தேன். சந்தேகப்பட்ட மாதிரியே, எப்போதும் கரண்ட் இருக்கும் பின்னில் மட்டும் பச்சைக் களிம்பு, மற்றதெல்லாம் கொஞ்சம் மங்கல். மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட். நன்றாகத்தான் இருக்கிறது என்று நகர்ந்துவிடத் தோன்றும் இடம் இதுதான். மீட்டர் தனக்கென்று ஏறக்குறைய கரண்ட்டே எடுப்பதில்லை; ஒரு மயிரிழைச் செம்பு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். ஆகவே இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பை அந்த வயருக்கும் நல்ல எர்த்துக்கும் நடுவில் வைத்தேன். பல்பு எரியவில்லை, இழை மட்டும் மங்கலாகச் சிவந்து நின்றது. மீட்டரில் 12.4 இருந்தது 4 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது.

வயரின் மேலுறையை அரை விரல் அளவு சீவினேன். செம்பு கறுத்திருந்தது. இன்னும் கொஞ்சம் சீவினேன், அங்கேயும் கறுப்பு. பல இழை வயரில் தண்ணீர் நுனியில் நுழைந்தால் உறைக்கு உள்ளேயே மேலே ஏறிக்கொண்டு போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப்பும் நிற்காது. பளிச்சென்ற செம்பு வரும் இடம்வரை வெட்டி, புது வயர் சேர்த்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடி, பிளக்கில் புது பின்னும் போட்டேன். பல்பு பளீரென்று எரிந்தது.

பெட்டி அப்போதும் பேசவில்லை. மீட்டரையும் வைத்துப் பார்த்தேன், பிளக்கில் கரண்ட்டும் எர்த்தும் முழுசாக இருந்தன. இதை நன்றாகக் கவனியுங்கள்: தண்ணீர் புகுந்த வண்டியில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தது முடிவு ஆகாது. ஒரே குட்டையில் கிடந்த எல்லாமே கெட்டிருக்கும். சரி செய்த பிறகும் நோய் தீரவில்லை என்றால் முதல் கண்டுபிடிப்பு தப்பு என்று அர்த்தமில்லை. இரண்டாவது இருக்கிறது என்று அர்த்தம்.

பெட்டியைத் திறந்தோம். ஒரு மூலையில் வெள்ளைப் பொருக்கும் பச்சைக் களிம்பும். பின்கள் சர்க்யூட் தட்டில் ஏறும் இடத்தில் ஈயம் சாம்பல் நிறமாகிவிட்டது. எள்ளு அளவு ரெசிஸ்டர் ஒன்று ஒரு பக்கம் தட்டோடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றது. மறு மூலையெல்லாம் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே பளபளவென்று இருந்தது. பெட்டி கொஞ்சம் சாய்ந்து கிடந்திருக்கிறது. தண்ணீர் தேங்கிய மட்டம் தட்டில் கோடு போட்டதுபோல் தெரிந்தது.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலையும் மென்மையான பல் தேய்க்கும் பிரஷையும் வைத்துக் கழுவி, விட்டுப்போன இணைப்புகளுக்கு ஈயம் வைத்து, காயவிட்டு மாட்டினால் பெட்டி பேசியது. ரிமோட் வேலை செய்தது, செல்ஃப் எடுத்தது, இன்ஜினும் பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு அப்போதே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று ஆசை. நான் விடவில்லை. சிப்புகளின் அடியில் நுழைந்த உப்பை பிரஷ் எடுக்காது. கழுவிய பெட்டி ஒரு வாரமும் ஓடும், ஒரு வருஷமும் ஓடும்; எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தச் சந்தேகத்தை உறுதி செய்தது ஓய்வுக் கரண்ட், அதாவது வண்டி பூட்டி நிற்கும்போதும் பேட்டரியிலிருந்து போகும் கரண்ட். வண்டியைப் பூட்டி, எல்லாப் பெட்டிகளும் தூங்கும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்து அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 0.4 ஆம்பியர், அதாவது 400 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கக் கூடாது. பிடுங்கி மாட்டும்போது தூங்கிய பெட்டி விழித்துக்கொள்ளும், கணக்கு கெட்டுவிடும். ஃபியூஸின் முதுகில் இருக்கும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸில் 3 மில்லிவோல்ட் தெரிந்தால் ஏறக்குறைய 0.4 ஆம்பியர் அதன் வழியாகப் போகிறது. அலாரம் பெட்டியின் ஃபியூஸில்தான் அது தெரிந்தது. பெட்டியின் பிளக்கைக் கழற்றியதும் மொத்தக் கரண்ட் 30 மில்லி ஆம்பியருக்கு வந்துவிட்டது. 0.4 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் மணி. 70 ஆம்பியர் மணி பேட்டரி நாலு நாளில் பாதிக்கு மேல் காலி. புது பேட்டரி ஏன் நிற்கவில்லை என்பதற்கு அண்ணனிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன்.

அதே பார்ட் நம்பர் உள்ள பழைய பெட்டி ஒன்றை, கார்களைப் பிரித்து விற்கும் இடத்தில் வாங்கினோம். அப்படியே மாட்டினால் ஓடாது. சாவிகளின் விவரமும் இன்ஜின் இசியுவோடு பொருந்தும் குறியும் வண்டியில் இருந்த பெட்டியின் மெமரி சிப்பில் இருக்கின்றன. இந்த வேலைக்கென்றே இருக்கும் ஒருவரிடம் இரண்டையும் கொடுத்து, அந்தச் சிப்பில் இருந்ததை, வாங்கி வந்த பெட்டியின் சிப்பில் எழுதி வாங்கினோம். கழுவிய பெட்டி பேசும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. சிப்பும் செத்துவிட்டால் கம்பெனியிடம் குறிகளைக் கேட்டுப் போக வேண்டும், செலவு வேறு மாதிரி ஆகிவிடும். ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சாவியின் பேட்டரி தீர்ந்துபோனாலும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணும், ஏனென்றால் சாவிக்குள் இருக்கும் சிப்புக்கு பேட்டரியே தேவையில்லை. ரிமோட் வேலை செய்யவில்லை என்பதும் இன்ஜின் எடுக்கவில்லை என்பதும் தனித்தனி விஷயங்கள். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

மாற்றிய பெட்டியைத் தரையில் வைக்கவில்லை. கார்பெட்டுக்கு மேலே வரும்படி ஒரு சின்னத் தாங்கியில் உயர்த்தி, பிளக் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தோம். வயரில் வழிந்து வரும் நீர் பிளக்குக்குள் போகாமல் இருக்க, வயர் பிளக்குக்கு வருமுன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏற வேண்டும்; தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

வேறு கன்வர்ட்டிபிள் வைத்திருப்பவர்களுக்கு: தண்ணீர் போகும் வழி மாறும், முறை மாறாது. பிஎம்டபிள்யூவின் முதல் தலைமுறை இசட்4இல் வடிகால் அடைத்தால் டாப்பைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப்பின் மோட்டார்தான் மூழ்கும். டாப் பாதியில் நிற்கும், இன்ஜின் நன்றாக ஓடும். மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகளில் வடிகால் சீட்டுக்குப் பின்னால் இரு ஓரங்களில் இருக்கிறது. அடைத்தால் கீழ்ப்பக்கத் தகடு உள்ளிருந்தே துருவும். பேட்டரி பின் டிக்கியில் என்பதால் அங்கே ஈரம் சேர்ந்தாலும் முனைகள் கெடும். பாக்ஸ்டரிலேயே பின்னால் வந்த 987இல் முன் டிக்கி கரண்ட்டில்தான் திறக்கும். பேட்டரி செத்துவிட்டால் பேட்டரியிடம் போகவே முடியாது. ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கும் சிவப்பு முனை ஒன்று இருக்கிறது, அதில் வெளி பேட்டரியின் பாசிட்டிவைக் கொடுத்துத் திறக்க வேண்டும். அந்தக் காரை வைத்திருப்பவர்கள் இதை நல்ல நாளிலேயே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் மழைத் தண்ணீர், அதுவும் தரையளவில் தேங்கியது. வெள்ளத்தில் மூழ்கிய கார் வேறு கதை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் கண்ணாடிவரை தண்ணீரில் நின்றன என்பதை நம் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் சேறும் சாக்கடையும் உப்பும் கலந்திருக்கும். கரண்ட்டை நன்றாகக் கடத்தும், காய்ந்த பிறகும் படிவை விட்டுச் செல்லும். அப்படிப்பட்ட வண்டியில் சாவியே போடக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அழுத்த முடியாது. செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எர்த்தைக் கழற்றி, போட்டோ எடுத்து, இழுத்துக்கொண்டு போவதுதான் வழி. இன்ஜின் பாதுகாப்பு சேர்க்காத பாலிசியில், தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் இன்ஜினுக்கு வந்த சேதத்துக்குப் பணம் கேட்பது பெரும்பாடு.

இந்த மாதிரிப் பழைய கன்வர்ட்டிபிளை வாங்கப் போகிறவர்கள் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். சீட்டை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் கார்பெட்டை அழுத்துங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு இருந்தால் உள்ளே தண்ணீர் நின்றிருக்கிறது. வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் ஏன் என்று கேளுங்கள். ரிமோட்டில் பூட்டித் திறங்கள், கதவைச் சாத்தி உள் விளக்கு அணைகிறதா என்று நின்று பாருங்கள். பேட்டரி எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். இரண்டு வருஷத்தில் இரண்டு பேட்டரி என்று பதில் வந்தால் டாப்பைப் பாதி திறக்கச் சொல்லி, ஒரு பாட்டில் தண்ணீரை வடிகாலில் ஊற்றிப் பாருங்கள். ஊற்ற விடாத ஆளிடம் அந்தக் காரை வாங்க வேண்டாம்.